ஓடைக்கரையில் புலித்தடம்

— எங்க மச்சான் ஒளிஞ்சிருந்த? விருந்தாளி காட்டுலேருந்து விடுதிக்கு வந்து அரை மணி ஆச்சு. வழிகாட்டி இப்பத்தான் வர்றாரு!

— மெதுவாப் பேசு டெல்ஃபினா. மழை வர்ற மாதிரி இருந்துச்சு... நீங்க முன்னாடி போங்கன்னு அனுப்பிட்டேன்.

— மழையா? நாப்போ ஆத்துல மணல் தெரியுது. உனக்கு மட்டும் மழை வருதா?

— சரி... பாம்பு.

— மழையா பாம்பா, ஏதாவது ஒண்ணு சொல்லு ரோமுலோ. அந்த ஜெர்மன்காரம்மா வாசல்ல உக்காந்து நோட்டுல என்னமோ எழுதிக்கிட்டே இருக்கு. சாப்பாட்டுக்கு முதலாளியம்மா வந்ததும் காட்டப் போகுது. இன்னொரு புகார் வந்துச்சுன்னா...

— தெரியும்.

— தொப்பியக் கழட்டி வச்சுட்டு அடுப்படியில எங்கிட்ட மரவள்ளி உரிக்க வரணும். கத்தி தீட்டித்தான் வச்சிருக்கேன்.

— உங்க அக்காகிட்ட சொல்லிடாத.

— அவளுக்குத் தெரியாதாக்கும், நீ யாருன்னு! ஏன் மச்சான், அந்தம்மாவுக்கு எழுபது வயசு. புளிக்கிற எலுமிச்ச எறும்பக் குச்சியோட நக்குச்சாமே?

— நக்கிட்டு இன்னொரு குச்சி கேட்டுச்சு.

— நேத்து பனைப்புழுவ உசுரோட வாயில போட்டுட்டு, உப்பு இருக்கான்னு கேக்குது. நீ? சுட்டு எலையில மடிச்சுக் குடுத்தாலும் தலையக் கிள்ளிப் போட்டுட்டுத் திங்கற ஆளு.

— எறும்பும் புழுவும் திரும்ப நம்மளத் திங்காது.

— அப்ப எது திங்குமாம்?

— ...ஓடைக்கரையில புலித்தடம் பாத்தேன்.

— கன்னி மாதாவே! பதினோரு வருஷமா கட்டையில புலிக்கால் செதுக்கி, விடியறதுக்குள்ள நீயே போயி சேத்துல அழுத்திட்டு வர்ற. அப்புறம் ஆளுங்களக் கூட்டிட்டுப் போயி, 'அடடா, ஜாகுவார்!'னு வாயப் பொத்திக்கிற. இன்னிக்கு நீ வச்ச தடத்தப் பாத்து நீயே...

— இன்னிக்கு நான் வைக்கல.

— ம்?

— நேத்து மாமா வீட்டுல ச்சிச்சாக் கள்ளு ஒரு சட்டி கூடிப்போச்சு. எந்திரிக்கல. 'இன்னிக்குப் புலி இந்தப் பக்கம் வரல'ன்னு சொல்லிக்கலாம்னுதான் போனேன். போனா... ரெண்டு தடம். குழியில இன்னும் தண்ணி ஊறிக்கிட்டு இருக்கு!

— என்ன பண்ணுன?

— திரும்புங்கன்னு சொன்னேன்.

— சொன்னியா, கத்துனியா?

— ...ஓடினேன்.

— அந்தம்மாவ விட்டுட்டா!

— பாதை தெரிஞ்ச அம்மாதானே... பின்னாடி வரும்னு...

— வந்துச்சு. குத்தவச்சு உக்காந்து தடத்தப் படம் வரஞ்சு முடிச்சுட்டு, பொறுமையா வந்துச்சு. மொதல்ல எங்கிட்டதான் காட்டுச்சு. கண்ணுல தண்ணி வர்ற மட்டும் சிரிக்குது.

— சிரிக்குதா? எதுக்கு?

— நீ எந்திரிக்க மாட்டன்னு எனக்கு நேத்தே தெரியும். தடம் இல்லன்னா அதுக்கும் ஒரு புகார் வரும். அதான்... விடியக்காலம் நானே போனேன்.

— நீயா!

— உன் கட்டை கெடைக்கல. பெரிய மரவள்ளிக் கெழங்கா ஒண்ணு எடுத்து, என் கையப் பாத்து செதுக்குனேன்.

— கையப் பாத்தா?

— வேற எதப் பாக்கச் சொல்ற, புலியக் கூப்புட்டு உக்கார வைக்கவா? அஞ்சு விரல் வச்சேன். புலிக்கு நாலுதான் பதியுமாம், அந்தம்மா சொல்லுது. அஞ்சு விரல் புலியப் பாத்து ஓடுன வழிகாட்டிய அது எந்த ஊர்லயும் பாத்ததில்லயாம். கத்தி அந்தா இருக்கு, எடுத்துக்க.

— எடுத்துட்டேன்.

— ஏன் மச்சான், அந்த வெரல எண்ணிக்கூடவா பாக்கல?

— எண்ணுனேன்.

— எண்ணிட்டுமா ஓடுன?

— நம்ம கட்டையில நாலுதானே... அது முதலாளியம்மா வீட்டு நாயப் பாத்து நான் செதுக்குனது. இதுல அஞ்சு இருந்துச்சு. அதான்... நெசப் புலிக்கு இப்படித்தான் இருக்கும்போலன்னு...