கையெழுத்துக்குக் காத்திருக்கும் மொபெட்

சின்னமனூரில் ஏறிய அப்பாவும் மகளும் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். தேனிக்கு டிக்கெட் எடுத்த கையோடு அப்பா ஆரம்பித்தார்.

“உங்க பைலட் ஸ்கூல்ல ஏரோப்பிளேன நிப்பாட்டுனது சரி ஆத்தா. என் மொபெட்ட எதுக்கு நிப்பாட்டுன?”

அதற்கப்புறம் நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

“ரெண்டுலயும் ஒரே சமாச்சாரந்தான்ப்பா. கார்புரேட்டருக்குள்ள மிதக்குற ஃப்ளோட்டு பெட்ரோலக் குடிச்சு அமுங்கிரும். பெட்ரோல் பொங்கி இஞ்சின் ஆஃப் ஆயிரும்.”

“உங்க பிளேன் ஆஃப் ஆயிருச்சா?”

“இல்ல, நல்லாத்தான் பறந்துச்சு. ஆனா அந்த மாடல் ஃப்ளோட்டு இருந்தா மாத்தியே ஆகணும்னு கவர்மெண்ட்டுல ஆர்டர் போட்டுட்டாக. மாத்தி, இன்ஜினியர் நான் கையெழுத்துப் போட்ட பெறகுதான் கெளம்புச்சு.”

“நல்லா ஓடுறதக் கழட்டச் சொல்றாகளாக்கும்! ஆஃப் ஆனா ஓரமா நிறுத்தி கார்புரேட்டர ஊதிவிட்டுப் போக வேண்டியதுதான?”

“மேல எங்கனப்பா ஓரம் இருக்கு? பறக்கப் படிக்கிற புள்ள தனியா இருக்கும்.”



“நான் மார்க்கையன்கோட்டையத் தாண்டுறதில்ல. எனக்கு வழி பூரா ஓரந்தான?”

“வண்டிக்கு அடியில பெட்ரோல் ஒழுகுது. நீங்க மேல உக்காந்து பீடி பத்த வைக்கிறீக. தேனியில ஃப்ளோட்டு வாங்கி மாத்துற வரைக்கும் சாவி எங்கிட்டதான்.”

வீரபாண்டியில் ஏறிய ஒருவர் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். “என்னண்ணே பஸ்ல? வண்டி என்னாச்சு?”

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வண்டிக்கு ஆர்டர் போட்டுருக்குப்பா. எம்மக கையெழுத்துப் போடாம கெளம்பாது.”