பூவரசங்கட்டை

— மூக்குல இடிக்குது ஆசாரி. பெருவெரல் மொளி வந்து மூக்கைக் குத்துது பாரு. வெடிச்சா முன்பல்லு ரெண்டும் போயிரும், சொல்லிப்புட்டேன். இது துப்பாக்கிக் கட்டையா, பிள்ளைக வெளையாட்டுச் சாமானா?

— கழுத்தைச் சுருக்காம புடிங்க மொக்கையண்ணே. புதுக்கட்டை. பழக நாளாகும்.

— எனக்குப் புடிக்கச் சொல்லித் தாரியாக்கும்! எங்கய்யா காலத்துலயிருந்து எங்க வீட்டுல லைசன்சு இருக்கு. என்ன மரம் இது?

— பூவரசு. கண்மாய்க்கரையில பட்டு நின்னது. நடுவைரமாப் பாத்து எடுத்து, நெழல்ல போட்டுக் காயவச்சு, எண்ணெய் ஊட்டியிருக்கேன். தட்டிப் பாருங்க.

— சத்தம் கனமாத்தான் இருக்கு. கட்டையோட கழுத்துல முடிச்சு கிடிச்சு இல்லையே? பழசு அங்கதான ஒடிஞ்சுச்சு.

— வெரல ஓட்டிப் பாருங்கண்ணே, ரேகை நேரா ஓடுது. மதுரைக் கடையில சீமைக் கட்டை கேட்டா நீங்க ஒரு கெடாரிய விக்கணும். இதுக்கு என் கூலிய கடலை புடுங்குனதும் ஒரு மரக்கா அளந்தாப் போதும்.

— கடலை மிஞ்சுனாத்தான! செவக்காட்டுல அது ஒண்ணுதான் தப்பிச்சு நிக்குது. கருவேலங்காட்டுப் பன்னி மூக்க வச்சுக் கிளறிட்டுப் போயிட்டா, வருசம் பூரா ரேசன் மைலோச் சோளந்தான். ஏ சோலை! அங்கனயே நிக்காத, வா. இவ ஒருத்தி. போன வருசம் காலுல முள்ளு ஏறுனதுலயிருந்து நொண்டிக்கிட்டுத் திரியுறா.

— வந்துட்டேன். ஆசாரியாரே, கட்டை சரியா அமைஞ்சிருச்சா?

— அமையலங்கிறாக மதினி.

— இரு, குறி பாக்குறேன். மருந்து கெட்டிக்கல, பயப்படாத. அந்தா வேலியில ஒக்காந்திருக்கு பாரு காக்கா, அதுக்கு நேரா…

— துப்பாக்கியக் கீழ எறக்குங்கண்ணே.

— ஏன்? சும்மாதான் பாக்குறேன்.

— அது காக்கா இல்ல. எம் மகன் சட்டை. காயப் போட்டிருக்கு.

— … கண்ணு கூசுது. மேக்க பாத்துல்ல நிக்கிறேன்.

— வெயிலு ஒங்க முதுகுல அடிக்குதுண்ணே.

— என் கண்ணுக்குக் கொறை சொல்றியா? போன ஐப்பசியில ஒரே வெடி. கும்மிருட்டு. செடி அசைஞ்ச தெசையில விட்டேன். விடிஞ்சு பாத்தா வரப்பு நெடுக ரத்தம்.

— பன்னி கெடச்சுச்சா?

— ஓடிப்போச்சு. ஆனா ஒரு சத்தம் போடல பாத்துக்க.

— அடிபட்ட பன்னி ஊரையே எழுப்பிருமேண்ணே.

— ஆசாரியாரே, அந்தப் பேச்சை விடுங்க. கட்டையப் பாருங்க.

— நீ என்னடி நடுவுல? பசியோட காவக் கெடந்தேன் அன்னைக்கு. கஞ்சி கொண்டாரேன்னவ வரவேயில்ல. ஆசாரி, இதைத் தூக்கிப் போட்டுட்டு நாலு வெரக்கடை நீளமா வேற செஞ்சு குடு.

— குடுத்த அளவுக்குத்தாண்ணே செஞ்சிருக்கேன்.

— நான் எங்க அளவு குடுத்தேன்? ஒடிஞ்ச கட்டையத்தான இவகிட்டக் குடுத்து விட்டேன்.

— கட்டையோட ஒரு கயிறும் வந்துச்சு. ரெண்டு பக்கமும் முடிச்சுப் போட்டு.

— யாரு குடுத்த கயிறு?

— நான்தான் குடுத்தேன். என் கை அளவு.

— என்னது?

— இங்க குடுங்க. …ஆசாரியாரே, பாருங்க.

— வெரலு நேரா விசைக்குப் போகுது. கன்னம் படிஞ்சு ஒக்காருது. அளவு ஒங்களுக்குச் சரியாத்தான் இருக்கு மதினி.

— ஏலே ஆசாரி, நீயும் கூட்டா! பொம்பள துப்பாக்கி தூக்குனான்னு பரளச்சிச் சந்தையில சிரிப்பானுக. எம் மூஞ்சியில கரியப் பூசவா ரெண்டு பேரும் நிக்கிறீக?

— லைசன்சு ஒங்க பேருலயே இருக்கட்டும். காவப் பரண்ல எம் பக்கத்துல ஒக்காருங்க. ஒங்க காது நல்ல காது. பன்னி எந்தப் பக்கம் வருதுன்னு சொல்லுங்க, நான் பாத்துக்கிருதேன்.

— மாடு மிதிச்சுக் கட்டை ஒடிஞ்சாலும் ஒடிஞ்சுச்சு, ஒனக்கு இம்புட்டு ஏத்தமா?

— மாடு மிதிக்கல. இந்த வருசமும் துப்பாக்கிய எடுத்து நீங்க தொடைக்க ஆரம்பிச்சீக. நான்தான் ஒரல்ல போட்டு ஒடிச்சேன்.

— ஒடிச்சியா! எங்கய்யா சாமானையா? வெடின்னா என்னன்னு ஒனக்கு என்னடி தெரியும்?

— தெரியும். ஆசுபத்திரிக்குப் போனா போலீசு டேசனுக்குச் சொல்லிருவாகன்னு வீரசோழன் வைத்தியருகிட்டப் போனேன். அவரு என் காலுலயிருந்து எடுத்தது முள்ளு இல்ல.

— பெறகு?

— நீங்க அன்னைக்கு அடிச்ச பன்னி தலையில கஞ்சிக் கலயம் இருந்துச்சு.