கம்பி படாமல் பாய்கிற குதிரை

— இன்னொருக்காப் பாயச் சொல்லட்டா தங்கச்சி? பாத்தீங்கதானே, முள்ளுக்கம்பியில வால் மயிர்கூடப் படல்ல.

— பாத்தனான் நானா. இறங்கின இடத்தில ஒரு கத்தரிச் செடி செத்துப் போச்சு, அதையும் பாத்தனான்.

— அது முந்தியே மவுத்தான செடி. கிண்ணியாவில ஆரையும் கேளுங்க. அபூதாஹிர் கொஞ்சம் கூட்டிச் சொல்லுவான், பொய் சொல்லமாட்டான்.

— பேர் என்ன?

— இப்பதானே சொன்னன், அபூதாஹிர்.

— குதிரைக்கு நானா.

— ஓ, அவனுக்கா! கப்டன். டவுன்ல, கோட்டையடி மான்களோட மேஞ்சு வளந்தவன். ரெண்டு வயசு வரைக்கும் தன்னை மான் எண்டுதான் நினைச்சிருந்தவன். பாய்ச்சல் அப்பிடி வந்ததுதான்.

— இப்ப என்ன எண்டு நினைக்கிறார்?

— இப்ப குதிரை எண்டுதான். ஆனா ஒரு சந்தேகத்தோட. அதென்ன தங்கச்சி, குதிரைக்குப் போய் "நினைக்கிறார்"?

— எங்கட வாப்பா பழக்கின மரியாதை. நல்ல குடும்பமா?

— ஆர், நானா?

— கப்டன். தாய், தகப்பன், குணம்.

— தாய் சொக்கத் தங்கம். தகப்பன் நெடுந்தீவில அலையுற கட்டாக்காலிக் குதிரை எண்டு ஒரு கதை. நான் விசாரிக்கல்ல, அவனும் கேக்கல்ல.

— கெட்ட பழக்கம் ஏதும்?

— பிளேன்டீ குடிப்பான். சீனி குறைஞ்சா முகத்தைத் திருப்பிக்கொள்ளுவான். வேற ஒண்டுமில்ல.

— வேற இடத்தில தொடர்பு கிடர்பு?

— தங்கச்சி, நீங்க குதிரை பாக்கத்தானே வந்தீங்க?

— கோவிக்காதீங்க. நாங்களும் களப்போரம், உப்பாத்தில குதிரை வளக்கிற ஆக்கள்தானே, எல்லாம் கேட்டுத்தான் எடுப்பம். இவ்வளவு நல்லவரை ஏன் விக்கிறீங்க?

— உண்மையைச் சொல்லவா? இந்த வீடு, வளவு எல்லாம் எங்கட நபீஸாட சீதனம். நான் மாப்பிள்ளையா வந்து குடியிருக்கிறவன். இண்டைக்குப் பொழுதுபடுற மஃரிபுக்கு முன்ன கப்டன் போகணும், இல்லாட்டி நான் போகணும் எண்டுட்டா. ரெண்டு பேரும் போனா இன்னும் நல்லமாம்.

— அப்பிடி என்ன குற்றம் செஞ்சவர்?

— குற்றமில்ல தங்கச்சி, திறமை! பொழுதுபட்டா வேலி பாஞ்சு போயிடுவான். நான் வேலியை உயத்தினன், அவனும் உயந்துட்டான். விடிய சுபஹுக்கு நான் எழும்பக்குள்ள கொட்டில்ல நிப்பான், ஓதப் போயிட்டு வந்த பிள்ளை மாதிரி. காலெல்லாம் சேறு.

— என்ன சேறு?

— களப்புச் சேறு. களப்போரமா ஓடி, ஆறடி வேலியெண்டாலும் பாஞ்சுட்டு வருவான். இந்தச் சுத்துவட்டாரத்தில வேற எந்தக் குதிரையாலயும் ஏலாது!

— நிச்சயமா?

— அல்லாவறிய! இவன் ஒருத்தன்தான்.

— அது காணும் நானா. நான் வாங்க வரல்ல.

— என்ன கதை இது? இவ்வளவு நேரமும் பல்லெல்லாம் எண்ணிப் பாத்தீங்க!

— எங்கட முத்துவும் பாயுற குதிரைதான். நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல்காரர், வெள்ளைக்காரருக்குப் பாஞ்சு காட்ட எண்டு பேசி முடிச்சிருந்தார். கூட்டிப்போக வந்தவர் வயித்தைத் தடவிப் பாத்திட்டுச் சொல்றார், இது பாயாது, வயித்தில குட்டி நிக்குது எண்டு. வாப்பா ஆறடி வேலிக்குள்ள, பூட்டுப் போட்டு வளத்த பிள்ளை நானா அது!

— அது... வேற ஏதும் குதிரையா இருக்கும்.

— வேற எந்தக் குதிரையாலயும் ஏலாது எண்டு இப்பதான் சொன்னீங்க. அல்லாவறிய எண்டு.

— கூட்டிச் சொல்லுவன் எண்டும் சொன்னனான்தானே?

— பயப்படாதீங்க. வாப்பா வெளிய ஆட்டோல இருக்கிறார், கோவமில்ல. புதுக் கொட்டில் அடிச்சாச்சு. தண்ணித் தொட்டி, ஒரு ஃபேன்கூடப் பூட்டியாச்சு. நம்மட பக்கத்து வழமை உங்களுக்குத் தெரியாததா, மாப்பிள்ளை பொண்ணு வீட்டிலதானே இருக்கிறது.

— அப்ப விலை?

— சம்பந்திட்ட விலை கேக்கிறதா நானா?

— யா அல்லாஹ்! நபீஸாட்ட நான் என்னத்தச் சொல்ல?

— மஃரிபுக்கு முன்ன கப்டன் போயிட்டார் எண்டு சொல்லுங்க. அவவுக்கும் அதுதானே வேணும். ஒண்டே ஒண்டு மட்டும் கேக்கிறன். இவ்வளவு நாளும் வேலியாலதான் வந்து போனவர். இண்டைக்கு ஒருநாளாவது, நீங்க கயித்தைப் பிடிச்சு, எல்லாரும் பாக்க, அவரை வாசலால கூட்டிக்கொண்டு வருவீங்களா?