வலை கழற்றிய குளம்

தோட்டத்து மீன் குளத்தில் இலை விழுவது ஒன்றும் கெட்ட விஷயமில்லை, ஐயா. நாலு இலை விழுந்தால் அது மீனுக்கு மருந்து. இலையின் துவர்ப்பு ஊறி இறங்கும், தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும், செதிலில் பூஞ்சை பிடிக்காது. நாற்பது கூடை விழுந்தால் கதை வேறு. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்து நாலு வருடம் குப்பியைத் தூக்கிப் பார்த்தே தண்ணீரின் ஜாதகம் சொல்லி ஓய்வு பெற்றவன் நான்.

எங்கள் கொல்லை மரம் நாளொன்றுக்கு ஒரு லட்சம் இலை கொட்டும். பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். என் வாய்க்கு அந்தப் பழக்கம் உண்டு. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் எது சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள், பிறகு வகுப்பார்கள்.

குளம் நானே தோண்டியது. நெஞ்சளவு ஆழம், தரையோடு தரையாக இருக்கும், விளிம்புச் சுவர் கிடையாது. இலை விழாமல் இருக்க நாலு கம்பு நட்டு, முழங்கால் உயரத்தில் வலை கட்டியிருந்தேன். வருடம் முழுக்க அது அங்கேயேதான் இருக்கும்.

போன வருடம் என் மனைவியின் அண்ணன் எங்களோடு வந்து தங்கினார். இரண்டு கண்ணிலும் புரை. வெளிச்சம் தெரியும், நிழல் தெரியும், அவ்வளவுதான். அறுவைக்கு நாள் குறிப்பார், தள்ளிப்போடுவார். காலையில் சமையலறைப் படியிலிருந்து நேரே நடப்பார். வலை முழங்காலில் பட்டதும் திரும்புவார். இப்படி நாற்பது நடை. இதை நான் பெருக்கவில்லை, எண்ணினேன்.

நடக்கிறவர் வாயை மூடிக்கொண்டு நடந்திருக்கலாம். "இது குளமா மாப்ளே, இல்ல கொசுப் பண்ணையா?" என்பார். கண் தெரியாதவருக்குத் தண்ணீரின் நிறம் மட்டும் எப்படியோ தெரிந்தது. கடைசியில் அதை மூடுவதற்கு ஒரு லாரி மண்ணுக்குச் சொல்லிவிட்டார். ஆள் தவறி விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். என் மனைவியும், அண்ணன் சொல்றதுல என்ன தப்பு என்றாள். ஏழு வருடம் வளர்த்த பதினேழு மீன்களை என்ன செய்வது என்று யாரும் பேச்செடுக்கவில்லை.

நான் சண்டை போடவில்லை. எனக்குக் கோபம் வராது. பரிசோதனைக் கூடத்தில் கேட்டுப் பாருங்கள்.

வலையில் ஓர் ஓட்டை இருந்தது. என் சுண்டுவிரல் நுழையும். யானை நுழையும் என்று வீட்டில் சொல்லி, அவர் ஒரு வாரம் ஊருக்குப் போன அன்று தைப்பதற்காகக் கழற்றினேன். கம்புகளையும் பிடுங்கி வெயிலில் காயப் போட்டேன். கொல்லையைக் கூட்டுவதை நிறுத்தினேன். இலை மீனுக்கு நல்லது என்றேன். வழக்கம்போல் சிரித்தார்கள்.

நனைந்த இலை இரண்டு மூன்று நாளில் அடியில் போய்விடும், அதுதான் சிக்கல். மேலே காய்ந்த இலை இருந்துகொண்டே இருக்க வேண்டும். தெரு கூட்டும் அம்மாவிடம் தினம் இரண்டு கோணி இலை வாங்கினேன். எதுக்கு சார் இவ்வளவு என்று கேட்டாள், எருவுக்கு என்றேன். ஒரு வாரத்தில் குளம் எது, தரை எது என்று எனக்கே தடுமாறியது.

அவருக்குச் சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஊரிலிருந்து திரும்பிய அன்று மதியம், சாப்பிடும்போது, மனைவி எதிரிலேயே சொன்னேன்.

"வலையைக் கழட்டிட்டேன் மச்சான். அந்தப் பக்கம் போயிடாதீங்க, உள்ள இருக்கற முதலை புடிச்சுக்கும்."

"உங்க அண்டப்புளுகுக்கு ஒரு அளவே இல்லையா மாப்ளே," என்று சிரித்தார். அவருக்குப் புரையேறிவிட்டது. என் மனைவி தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

மறுநாள் காலை ஆறே காலுக்கு அவர் படியிறங்கினார். நான் குழாயோடு ரோஜாத் தொட்டிகள் அருகே இருந்தேன். முழங்காலில் எதுவும் படாததால் நடந்துகொண்டே போனார். பெரிய சத்தம் இல்லை. காய்ந்த இலை சத்தத்தை அமுக்கிவிடும். நெஞ்சளவுத் தண்ணீர்தான், நின்றிருக்கலாம். அடியில் ஏழு வருடச் சேறு, அது காலை விடவில்லை. கரை எந்தப் பக்கம் என்றும் அவருக்குத் தெரியவில்லை. கையை நீட்டி நீட்டி இலையைத்தான் பிடித்தார். ஒரு முறை என் பக்கம் திரும்பி, "மாப்ளே, அங்க இருக்கீங்களா?" என்று கேட்டார். நான் குழாயை மூடினேன், தண்ணீர் வீணாகக் கூடாதே. இலைகள் மறுபடி ஒன்று சேர்ந்த பிறகு மனைவியைக் கூப்பிட்டேன்.

எல்லோரும் விபத்து என்றார்கள். விசாரிக்க வந்தவர்களில் நீங்கள் ஒருவர்தான் குளத்தைப் பார்த்துவிட்டு மீன் எங்கே என்று கேட்டீர்கள். முட்டி வலிக்காரியான என் மனைவி ஏறாத மொட்டை மாடிக்கு ஏறிப்போய், தொட்டியில் பதினேழையும் எண்ணிவிட்டு வந்தீர்கள். வலையைக் கழற்றுவதற்கு முதல் நாளே மாற்றிவிட்டேன், ஐயா. அவ்வளவு இலை அழுகும் தண்ணீரில் எந்த உயிரும் பிழைக்காது. தெரிந்தே ஒரு மீனை அதில் விட எனக்கு மனம் வருமா?