சைபர் வந்துருச்சா மாப்ள?

பால் பொங்காமல் காய்ச்ச எனக்குத் தெரியாது. பவித்ரா இருந்தவரை தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வரவில்லை. என் மனைவி. தை மாதம் இறந்துபோனாள். அதன் பிறகு திண்டுக்கல்லில் என் வீட்டு அடுப்பு எரியவே இல்லை.

வைகாசியில் அவளுடைய அம்மா ராமுத்தாய் சாணார்பட்டியிலிருந்து வந்தார். சர்க்கரை கூடிவிட்டது, டவுன் டாக்டர் இன்சுலின் பேனா எழுதிக் கொடுத்திருந்தார். சர்க்கரை இறங்கியதும் மகன் அழகுராஜா வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. வந்த அன்றே அத்தை அடுப்பைப் பற்றவைத்தார். தாளிக்கிற வாசனை வாசல் வரை வந்தது. சர்க்கரை இறங்குவதில் எனக்கிருந்த ஆர்வம் அப்போதே குறைந்திருக்க வேண்டும்.

பேனா ஊசியை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். அத்தை மாற்ற மாட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் போடுகிற ஊசி. அந்நேரம் விளக்கு வைத்தாகிவிடும். நான் புது ஊசியை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

"வெளக்கு வச்ச பெறகு ஊசி கை மாறக் கூடாது மாப்ள. ஒறவு அத்துப்போகும்."

"அப்பக் காலையிலயே எடுத்து வச்சுக்கங்க அத்தை."

"பழசுக்கு என்ன கொறை? மொனை முறியலையே."

நான் படித்தவன். மருந்துக் கடையில் கொடுத்த தாளை முழுதாக வாசித்திருந்தேன். பழைய ஊசியைப் பேனாவிலேயே விட்டுவைத்தால் மருந்து உள்ளே காய்ந்து அடைத்துக்கொள்ளும். பொத்தானை அமுக்கும்போது பேனாவில் தெரிகிற எண் சைபருக்கு இறங்கினால்தான் மருந்து உடம்புக்குள் போனதாக அர்த்தம். அத்தைக்கு அந்தப் பொடி எண் தெரியாது. பேனாவை என் பக்கம் திருப்பிக் கேட்பார்.

"சைபர் வந்துருச்சா மாப்ள?"

திருகி வைத்த பதினாலிலேயே நின்றிருந்தது.

"வந்துருச்சு அத்தை."

முதல் நாள் நான் சரியாகப் பார்க்கவில்லை. அதன் பிறகு சரியாகப் பார்த்தேன். அவர் சோறு எடுத்துவைக்கப் போனதும் பேனாவைத் திருகி எண்ணைச் சைபருக்குக் கொண்டுவந்துவிடுவேன். பொய் சொன்னதாக இருக்கக் கூடாது.

சர்க்கரை ஏறியது. அழகுராஜா பைக்கில் வந்து இறங்கி, செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

"ஏத்தா, ஒளிச்சு வச்சு என்னத்தத் திங்கிற?"

"ஒங்கப்பன் மேல சத்தியமா வெறும் கேப்பக்களிதாண்டா."

"செத்தவரு மேல பண்ணுன சத்தியம் செல்லாது."

ஒருவரைச் சந்தேகப்படுவதென்றால் அதற்கு ஆதாரம் இருப்பதே நியாயம். நாகல் நகரில் ஜிலேபி வாங்கித் தின்றுவிட்டு, காகிதத்தை அத்தையின் தலையணைக்கு அடியில் வைத்தேன். அவரே கண்டெடுத்தார். மோந்து பார்த்தார். 

"தூக்கத்துல எந்திரிச்சுப் போயித் திங்கிறேன் போல மாப்ள. ஜிலேபின்னா எனக்குச் சின்னதுலருந்தே உசுரு. அடுப்படியப் பூட்டிச் சாவிய நீங்க வச்சுக்கங்க."

வைத்துக்கொண்டேன். நாலு நாள் கழித்து, தன்னைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். மாமியாரைக் கட்டிப்போடுவது முறையல்ல. மறுத்துவிட்டேன். எதற்கும் ஓர் எல்லை உண்டு.

அத்தை சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். குழம்பு மட்டும் எப்போதும் போல நன்றாக இருந்தது.

அழகுராஜா எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே நர்ஸ் ஜீனத், "எனக்கு முன்னாடி ஊசி போட்டுக் காட்டுங்கம்மா" என்றார். அத்தை அமுக்கினார். பொத்தான் அசையவில்லை.

"இது அடைச்சுல்ல கெடக்கு. இம்புட்டு நாளும் சைபர் வந்துச்சான்னு யாரும்மா பாத்தா?"

"எங்க மாப்ளதான்."

ஜீனத் புது ஊசியை மாட்டி அமுக்கினார். நுனியில் ஒரு சொட்டு வந்தது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அத்தை முந்திக்கொண்டார்.

"பாவம், புள்ளைக்குக் கண்ணு தெரியல. ஏலே அழகு, இவரத் தனியா விட்டுட்டு நான் எப்படிலே ஊருக்கு வருவேன்?"

மறுநாளே அத்தை என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். பலகையில் இருந்த எழுத்துகளைத் தப்பாக வாசித்தேன். தடித்த கண்ணாடி கொடுத்தார்கள். அதைப் போட்டால் எனக்குச் சைபர் நிஜமாகவே தெரிவதில்லை. இப்போது அத்தை பகலிலேயே புது ஊசியை எடுத்து வைத்துவிடுகிறார். ராத்திரி பக்கத்து வீட்டு இஞ்ஞாசியம்மாள் வந்து எண்ணைப் பார்த்துச் சொல்கிறார். சர்க்கரை இறங்கிவிட்டது. அத்தை ஊருக்குப் போகிற பேச்சை எடுக்கவில்லை.

மருந்து போகவில்லை என்று தெரிந்தே போனதாகச் சொன்னேன். காகிதத்தை வைத்ததும் நான்தான். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவ்வளவும் அத்தையின் நன்மைக்காகச் செய்தது. சாணார்பட்டியில் அவரைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? ஒரு மகன், மருமகள், மூன்று பேரப்பிள்ளைகள், தெரு நிறையச் சொந்தக்காரர்கள். வேறு யாருமே இல்லை.