இரண்டு தராசிலும் ஒன்றாக மூட்டை வைத்த நாள்: சந்திரவல்லி அம்மாவுக்குக் கிடங்கார் மடல்

போடி ஏலக்காய்க் கிடங்கின் கணினியைப் பதினெட்டு ஆண்டு கட்டிக் காத்த கெட்டிக்காரியே! கேள்வி கேட்டால் கோபப்படாத குணவதியே! பணி முடித்துச் சிலமலைக்குத் திரும்பும் சந்திரவல்லி அம்மா, வணக்கம்!

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்ட வாசல் காவலாளி அழகுமலை, எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். புகழ்ந்து பழக்கமில்லை, வருகிற மூட்டையைச் சந்தேகப்பட்டே பழகியவன்.

உங்களையும் முதலில் நம்பவில்லை. கணினிக்குள் கெர்னல் என்று ஒன்று உண்டு, தராசும் பதிவும் அதன் பொறுப்பு, எந்தப் புரோகிராமும் தானாக அவற்றைத் தொடக்கூடாது, சிஸ்டம் கால் என்று மனுப் போட்டு நிற்க வேண்டும், சோதித்த பிறகே கெர்னல் செய்யும் என்றீர்கள். யாரையும் நம்பாத அதன் குணம் எனக்குப் பிடித்தது.

போன தை மாதம் அந்தக் காவல் தவறியது. போடிமெட்டிலிருந்து ஜீப்பில் வந்த ஐம்பது கிலோ மூட்டை, பதிவில் நாற்பத்து மூன்றாக நின்றது. எடை போட்ட கருத்தம்மா களவாடினாள் என்று வேலையை விட்டு நிறுத்தப் பார்த்தார்கள். மேலாளர் தராசைச் சோதித்தார், குறையில்லை. நான் அவள் தூக்குவாளியைத் திறந்து பார்த்தேன், அதை மறைக்கவில்லை.

நீங்கள் மட்டும் இரண்டு தராசிலும் ஒரே நேரத்தில் மூட்டை வைக்கச் சொன்னீர்கள். ஒன்றில் கருத்தம்மா, மற்றதில் அங்கே எடை போடும் சோணை. மூன்று முறை சரி. நான்காம் முறை சோணை வைத்த மூட்டையின் எடை கருத்தம்மா மூட்டையின் பெயரில் ஏறியது.

"ஏ ஆத்தா, என் மூட்டையா ஒன்னயக் களவாணி ஆக்குனது?" என்று சோணை கேட்க, கிடங்கே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை.

"தப்பு நான் எழுதுன சிஸ்டம் கால்ல இருக்கு. மனுவைச் சோதிக்க ஒருக்கா படிக்குது, பதிய இன்னொருக்கா படிக்குது. நடுவுல அடுத்த தராசு எடையை மாத்திருது" என்றீர்கள், மேலாளர் முன்னாலேயே.

ஜீப்பிலேயே ஏலக்காய் மாதிரியைப் பார்த்துவிட்டு மூட்டையைப் பிறகு இறக்கினால், நடுவில் மூட்டை மாறிவிடும் என்பது வாசலில் நிற்பவனுக்குத் தெரியும். "உள்ள வாங்கி வச்சுட்டுல்ல பாக்கணும்" என்றேன். "அதேதாண்ணே" என்றீர்கள். மனுவைக் கெர்னல் முதலில் தன் இடத்துக்குள் ஒரே முறை பிரதி எடுத்து, அதையே சோதித்து, அதையே பதியும்படி அன்றே திருத்தினீர்கள். பிறகு ஓர் எடையும் இடம் மாறவில்லை.

மறைத்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. வாய்மை வழுவாத வல்லியம்மா, இதற்கு மேல் புகழ எனக்கு வார்த்தை இல்லை. உங்கள் இடத்துக்கு வரும் முத்துப்பிரியாவுக்கு அந்தத் தவறையும் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்களாம். அந்தப் பிள்ளையை நம்பலாம் என்றே தோன்றுகிறது.

முழங்கால் நோவு தீர்ந்து, நூறையும் தாண்டி நிமிர்ந்து நடங்கள், அம்மா!

முதல் கையெழுத்துக்குக் கருத்தம்மாவை அழைத்தோம். போட்டுவிட்டு, "நாளைக்கும் எனக்கு எடைமேடையில சோலி இருக்கு. அதையும் எழுதுங்கண்ணே" என்றாள். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
கருத்தம்மா, சோணை, அழகுமலை மற்றும் கிடங்குப் பணியாளர்கள்,
போடிநாயக்கனூர்.