மெஷின் வச்ச முகம்

அன்பானவங்களே, இந்த இடத்துல ஒரு சின்னக் கதையைச் சொல்லிட்டு மேல போறேன். கொஞ்சம் காது கொடுங்க.

தெக்கத்திப் பக்கம் கடலோரமா ஒரு ஊர். அங்க எமில்டான்னு ஒரு சகோதரி. அவங்க வீட்டுக்காரர் ஜெபஸ்டின். விடியக்காலையில பால் வாங்கப் போனவரை ஒரு பைக் அடிச்சுப் போட்டுட்டு நிக்காம போயிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள... உயிர் போயிருச்சு.

அடிச்சது யாரு? எதிர்க்கடை கேமராவுல பதிவாகியிருக்கு. ஆனா இருட்டு, தூரம் வேற... எல்லாம் ஒரே மங்கல். ஜெபஸ்டினோட தம்பி ரீகன், கல்யாண வீடியோ எடிட் பண்றவர். இப்பப் புதுசா வந்திருக்கே, மங்கின படத்தைத் தெளிவாக்குற சாஃப்ட்வேர்... அதுல போட்டாரு. பைக்ல வந்தவனுக்குப் பளிச்சுன்னு ஒரு முகம் வந்துச்சு. பாத்தா... ரெண்டு தெரு தள்ளிப் பஞ்சர் கடை வச்சிருக்கிற மரியான் மாதிரியே இருக்கு.

அவ்வளவுதான். பொழுது சாயறதுக்குள்ள அந்தப் படம் எல்லார் போனுக்கும் போயிருச்சு. மரியான் கையெடுத்துக் கும்பிட்டாரு, நான் அப்ப வீட்ல தூங்கிட்டு இருந்தேன்னு. யார் கேட்டா? கடையை நொறுக்கினாங்க. போலீஸ் வந்து கூட்டிட்டுப் போச்சு. அவர் சம்சாரம் கோயிலுக்கு வந்தா, பக்கத்துல உட்கார ஆள் இல்ல.

எமில்டா மட்டும் அந்த வீடியோவைப் பாக்கவே இல்ல. மனசு எப்படிங்க வரும்? துக்கத்துக்கு வந்த சனமெல்லாம் போன பிறகு, ரீகனைக் கூப்பிட்டு, வீட்டுக்காரரைக் கடைசியா ஒரு தடவை பாக்கணும்னு கேட்டாங்க. ரீகன் தெளிவாக்கின வீடியோவைப் போட்டாரு. ரோட்டோரமா ஒருத்தர் நிக்கிறாரு. எமில்டா பாத்தாங்க... பாத்துக்கிட்டே இருந்தாங்க...

"ரீகன், இது யாரு?"

"அண்ணன்தான் மதினி."

"சட்டை அவரோடது. மூஞ்சி அவரோடது இல்ல."

அப்பதான் ரீகன் அந்த முகத்தை உத்துப் பாத்தாரு. கேமராவுல இருந்த பதிவை அப்படியே எடுத்துப் போட்டாரு. அதுல அண்ணன், பைக்ல வந்தவன், ரெண்டு பேருக்குமே முகம் இல்ல... சாம்பல் கலர்ல ஒரு திட்டு, அவ்வளவுதான். தெரியாத இடத்துல மெஷினே ஒரு கண்ணு, ஒரு மூக்குன்னு வச்சு நிரப்பியிருக்கு.

எமில்டா கேட்டாங்க: "என் புருஷனுக்கே வேற மூஞ்சி வச்சிருக்கு. பைக்ல வந்தவனுக்கு வச்சது மட்டும் எப்படி நிஜமாகும்?"

ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போய் எல்லாத்தையும் காட்டினாங்க. மரியான் வெளிய வந்தாரு. ஆனா அடிச்சவன்... இன்னிக்கு வரைக்கும் கிடைக்கல.

நினைச்சுப் பாருங்க. கோபப்பட, சாபம் விட, அந்தப் பொம்பளைக்கு ஒரு முகம் இருந்துச்சு. அதைத் தானே வேண்டாம்னு விட்டாங்க. தன் துக்கத்துக்காக இன்னொரு வீடு அழக்கூடாதுன்னு விட்டாங்க.

இதை எதுக்குச் சொல்றேன்? மெஷினைக் குத்தம் சொல்லவா? இல்லங்க. அதை நிரப்பச் சொன்னாங்க, நிரப்புச்சு. நம்மளை யார் நிரப்பச் சொன்னா? பக்கத்து வீட்டுப் பொண்ணு யாரோடயோ பேசிட்டு நின்னா... நாம பாத்தது அவ நின்னதை மட்டும். மிச்சக் கதையை வச்சது யாரு?

பாத்ததை மட்டும் சொல்லுங்க. பாக்காததுக்கு, "எனக்குத் தெரியாதுங்க"ன்னு சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தையை, அந்த ஊர்ல ஒரே ஒருத்தர் முதல்லயே சொல்லியிருந்தா... மரியான் கடை இன்னிக்கும் திறந்திருக்கும்.